நல்லாப் பேசினார்

அந்தச் சனிக்கிழமை எங்கே போவது, எதற்குப் பிறகு எது என்பதை நான்தான் முடிவு செய்தேன். முதலில் கிரீனிச் பூங்கா. பிறகு தேம்ஸ் ஆற்றுக்கு அடியால் போகும் நடைச்சுரங்கம். பிறகு படகில் நகரத்தின் நடுவுக்கு. பொழுதுபட டூட்டிங்கில் சாப்பாடு. மழை வந்தால் பூங்காவுக்குப் பதில் அருங்காட்சியகம். எதையும் வரிசையில் வைத்தால்தான் எனக்கு நிம்மதி. என் வேலையும் அப்படிப்பட்டதுதான். தென் லண்டனில் ஒரு மருத்துவமனையில், இதயத்துடிப்பைக் காட்டும் திரைகளையும் மருந்து ஏற்றும் பம்புகளையும் வார்டு வார்டாகச் சோதித்து, பழுதானவற்றைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்து திருத்துவது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அந்தக் கீழ்த்தளத்தில் நான் ஒருத்திதான் பெண்.

திட்டத்தைப் போட்டபோது அது ஒரு கொண்டாட்டத்துக்கான திட்டம். சனிக்கிழமை வந்தபோது கொண்டாட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. திட்டம் மட்டும் இருந்தது.

கொண்டாட இருந்தது ஓர் அறை. டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே மூன்று அறைகள் கொண்ட வீடு வாடகைக்கு வந்திருந்தது. நானும் என் இரண்டு தோழிகளும் அதை எடுப்பதாக இருந்தோம். பின்பக்க அறை எனக்கு. சின்னதுதான். ஜன்னலுக்கு வெளியே கடைக்காரர் வெற்றுப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் முற்றம், அதற்கு அப்பால் இலை கொட்டத் தொடங்கிய ஒரு மரம். ஆனால் அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. அதைச் சாத்திவிட்டு உள்ளே நான் மட்டும் இருக்கலாம்.

அதுவரை நான் லூயிஷாமில் அண்ணை வீட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து என்னை எடுப்பித்தவர் அவர்தான். அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தேன். வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்வந்து, எல்லாரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, சமையலறை மேசையில் உடுப்புத் தோய்க்கும் மெஷினின் சத்தத்துக்கு நடுவில் படிப்பேன். ஒரு பாடத்தில் ஏற்கெனவே தவறியிருந்தேன். வரும் வசந்தத்தில் மறுபடி எழுத வேண்டும். இந்த முறையும் தவறினால் அந்த வகுப்பில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். வேலையிலும் கடைசிவரை மற்றவர்களுக்கு ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொடுப்பவளாகவே இருக்க வேண்டியதுதான். இது மற்றவர்களுக்கு ஓர் அறை. எனக்கு அந்தப் பரீட்சை.

தோழிகளில் ஒருத்தி எனக்கு அடுத்த ஊர்க்காரி. யாழ்ப்பாணத்தில் ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். லண்டனில் ஒரே பொலிடெக்னிக்கில் மறுபடி கண்டுபிடித்துக்கொண்டோம். மற்றவள் மெட்ராஸ்காரி. அதே வகுப்பில் படித்தவள். பால்ஹமில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். வீட்டைக் கண்டுபிடித்தது அடுத்த ஊர்க்காரி. வீட்டுக்காரர் அவளுடைய மாமாவுக்குத் தெரிந்தவர்.

மிச்சமிருந்தது அண்ணையின் சம்மதம். கலியாணம் கட்டாத தங்கச்சி தனியாக வீடெடுத்துப் போனால் கோயிலில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவருடைய கவலை. நான் கேட்டால் முகத்தைத் திருப்புவார். அடுத்த ஊர்க்காரி கேட்டால் அவளுடைய தகப்பன்வரை இழுத்து ஏசுவார். ஆனால் இந்தியாக்காரியிடம் அண்ணை மரியாதையாகத்தான் கதைப்பார் என்று நான் கணக்குப் போட்டேன். ஆகவே மெட்ராஸ்காரி அண்ணைக்குப் போன் எடுத்துக் கேட்பது என்று தீர்மானித்தோம். அந்த வாரம் எனக்குப் பின்னேர ஷிப்ட். அண்ணை பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மெட்ராஸ்காரி அவரோடு கதைத்துவிட்டு முடிவை அடுத்த ஊர்க்காரியிடம் சொல்வாள். அவள் என் வேலையிடத்துக்குப் போன் எடுத்து எனக்குச் சொல்வாள். இந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.

வியாழக்கிழமை கீழ்த்தளத்துக்குப் போன் வந்தது. அடுத்த ஊர்க்காரி தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“அண்ணை நல்லாப் பேசினவராம்.”

எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. வாய்வார்த்தை பரிமாறுவதற்குக் கதைப்பது என்ற சொல் தனியாக இருக்கிறது. நல்லாப் பேசினார் என்றால் மற்றவள் திருப்பிச் சொல்லக் கூசும் அளவுக்கு ஏசியிருக்கிறார். அவள் மேலும் இரண்டு விஷயங்கள் சொன்னாள். ஒன்று, அறையைச் சும்மா வைத்திருக்க வீட்டுக்காரர் விடமாட்டார், ஊரிலிருந்து புதிதாக வந்து இடமில்லாமல் நிற்கும் அவளுடைய மச்சாள், அந்த மாமாவின் மகள், அதை எடுக்கிறாள். இரண்டு, மெட்ராஸ்காரி ஏச்சு வாங்கி மனம் நொந்துபோய் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் வீட்டுக் கதை எடுக்க வேண்டாம். மச்சாள் வருவதையும் மெட்ராஸ்காரியிடம் தானே பிறகு சொல்லிக்கொள்வாளாம். நான் ஓம், சரி என்றேன். மேசையில் ஒரு பம்ப் திறந்தபடி கிடந்தது. அதை மூடிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

அன்றிலிருந்து நான் அண்ணையோடு கதைக்கவில்லை. எனக்குச் சண்டை பிடிக்க வராது; கதைக்காமல் இருக்கத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை அவர் வேலை முடிந்து வந்து வாசல் நடையில் ஜாக்கெட்டைக் கழற்றியபடி, “பெட்டி அடுக்கத் தொடங்கேல்லையோ?” என்று கேட்டார். நான் கடைக்குப் போகச் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் தோழியை ஏசிவிட்டு இப்போது என்னைக் குத்துகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தும் பார்க்காமல் வெளியே போனேன். பின்னால் அண்ணி ஏதோ கேட்பதும், அவர் ‘தெரியேல்லை’ என்பதும் கேட்டது.

சனிக்கிழமை போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அடுத்த ஊர்க்காரி விடவில்லை. போட்ட திட்டம் போட்டதுதானே, வீட்டுக்குள் இருந்து என்ன செய்யப்போகிறாய் என்றாள். போனேன்.

வானம் நன்றாக வெளித்திருந்தது. லண்டனில் அக்டோபரில் அப்படி நாட்கள் அபூர்வமாக வரும். வெயில் மஞ்சளாக, சூடில்லாமல், எல்லாவற்றின் மீதும் சாய்ந்து விழும். கிரீனிச் ஸ்டேஷன் வாசலில் மூவரும் சேர்ந்தோம். மெட்ராஸ்காரி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, வேகமாக நடக்கத் தொடங்கினாள்.

“ஏனிப்பிடி ஓடுறாய்? ஆறுதலா நடப்பம்,” என்றாள் அடுத்த ஊர்க்காரி.

மெட்ராஸ்காரி நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டாள். “ஆறுதலா? ஐயோ, யாருக்கு என்னடி ஆச்சு?”

இது பழைய பகிடி. எங்களுக்கு ஆறுதல் என்றால் அவசரமில்லாமை; அவளுக்கு அது இழவு வீட்டில் சொல்வது. ஒவ்வொரு தடவையும் அவள் நெஞ்சில் கைவைப்பாள், ஒவ்வொரு தடவையும் நாங்கள் சிரிப்போம்.

“உங்கடை ஊரிலை ஆரும் செத்தாத்தான் ஆறுதலோ? எங்களுக்கு உயிரோடை இருக்கேக்கையே வேணும்,” என்றாள் அடுத்த ஊர்க்காரி.

அதைத் தொடர்ந்து மற்றப் பகிடிகளும் வந்தன. பொலிடெக்னிக்கில் முதல் வாரம் நான் மெட்ராஸ்காரியை ‘நீர்’ என்று சொல்ல, தன்னை ராஜா வேஷம் போட்டு மேடையில் ஏற்றிவிட்டதுபோல இருந்ததாம். அதற்கு அடுத்த ஊர்க்காரி அன்றைக்கே ஒரு விளக்கம் கொடுத்திருந்தாள். அதை மறுபடி சொல்லிக்காட்டினாள்: “பழக்கமில்லாட்டி நீர். பழகினாப்பிறகு நீ. கோவம் வந்தா திரும்பவும் நீர்.” மெட்ராஸ்காரி அதை ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னாள். பாதையில் போன ஒரு கிழவர் எங்கள் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பூங்காவுக்குள் ஏறும்போது அடுத்த ஊர்க்காரி சற்று முன்னால் போனாள். வீட்டுக் கதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். இருந்தாலும் என் அண்ணையால் ஏச்சு வாங்கியவளிடம் ஒரு வரியாவது சொல்லாமல் இருப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. ஆகவே, அண்ணை பேசினதை மனதில் வைத்திருக்காதே என்றேன்.

அவள் கண்களை அகல விரித்தாள். “அதுல என்ன இருக்கு? எவ்வளவு நேரம் பேசினாரு தெரியுமா! நல்ல மனுஷன்டி உங்க அண்ணன்.”

என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்க அப்படிச் சொல்கிறாள், பெருந்தன்மைக்காரி, என்று நான் எடுத்துக்கொண்டேன். இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே சொல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. அவள் ஒரு பக்கத்தைப் பார்த்தாள், நான் மறுபக்கத்தைப் பார்த்தேன், இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

மேலே குன்றில் ஏறி, பூமியைக் கிழக்கென்றும் மேற்கென்றும் பிரிக்கும் பித்தளைக் கோட்டின்மேல் கால் விரித்து நின்று படம் பிடித்தோம். கீழே ஆறும், ஆற்றுக்கு அப்பால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களின் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. இறங்கும் வழியில் மரங்களுக்கு அடியில் முள்ளுறையோடு செஸ்நட் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. சீனக் குடும்பம் ஒன்று பை பையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவித்தால் பலாக்கொட்டை மாதிரி இருக்கும் என்று அடுத்த ஊர்க்காரி சொல்ல, நாங்களும் பொறுக்கினோம். நல்ல கொட்டைகளை எல்லாம் அவள் என் பையில் போட்டாள். அண்ணையின் பிள்ளைகளுக்கு என்றாள். அவளுடைய அந்த அன்பை நான் பொய் என்று சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் சிரமம்.

சுரங்கத்துக்கு இறங்கும் லிஃப்ட் மரப்பலகை அடித்த பெரிய அறைபோல இருந்தது. அதை ஓட்டுவதற்கென்று ஓர் ஆள் உள்ளே வாங்கில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீழே வெள்ளை ஓடு பதித்த நீண்ட குழாய். தலைக்கு மேலே முழு ஆறும் ஓடுகிறது என்ற நினைப்பு எனக்குப் பயத்தைத் தரவில்லை. நீர் கசியும் இடங்களைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடுவில் வந்தபோது மெட்ராஸ்காரி என் கையைக் கோத்துக்கொண்டு கேட்டாள்:

“பின்பக்க ரூமுக்கு என்ன கலர்ல கர்ட்டன் போடப் போற?”

இவளுக்கு மச்சாள் கதை இன்னும் சொல்லப்படவில்லை என்று நினைத்தேன். ஏச்சு வாங்கிய பிறகும் நான் எப்படியோ வந்துவிடுவேன் என்று நம்புகிறாளாக்கும். பார்ப்போம் என்றேன். அதற்குள் முன்னால் போன அடுத்த ஊர்க்காரி சட்டென்று திரும்பி, இங்கே கூப்பிட்டால் எதிரொலிக்கும், கேளுங்கள் என்று சொல்லி, இரண்டு கைகளையும் வாயில் குவித்து ஒரு நீண்ட கூவல் போட்டாள். அது குழாய் முழுக்க ஓடிப்போய்த் திரும்பி வந்தது. மெட்ராஸ்காரியும் கூவினாள். திரைச்சீலைக் கதை அதோடு போயிற்று.

படகில் குளிர். மேல்தட்டில் எங்களைத் தவிர ஒரு ஜெர்மன் தம்பதி மட்டும். படகோட்டி ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பகிடி சொன்னான். பகிடிகள் அந்த ஆற்றில் பல வருடம் ஓடித் தேய்ந்தவை. மெட்ராஸ்காரி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அடுத்த ஊர்க்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றாள். பாலத்துக்கு அடியால் போனபோது அவளுடைய முகத்தில் நிழல் விழுந்து விலகியது. அவளும் எனக்காகக் கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இறங்கி, நகரத்துக்குள் ஒரு திட்டமும் இல்லாமல் சுற்றினோம். அன்றைய நாளில் அந்த ஒரு பகுதியை மட்டும் நான் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தேன். சதுக்கத்தில் புறாக்கள், வறுத்த கடலை விற்பவனின் புகை, புத்தகக் கடைகளின் வாசலில் பழைய புத்தகப் பெட்டிகள். ஒரு மின்சாமான் கடையின் கண்ணாடிக்குள் வளையும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்று இருந்தது. திட்டத்தின்படி நான் அன்றைக்கு வாங்க இருந்தது அப்படி ஒன்றைத்தான். பார்த்துவிட்டு நடந்தேன். மெட்ராஸ்காரி பார்த்துவிட்டாள். நான் மறிக்க மறிக்க உள்ளே போய் அதை வாங்கிப் பெட்டியோடு என் கையில் திணித்தாள். உன் படிப்பு மேசைக்கு என்றாள்.

“இப்ப ஏன் உதெல்லாம்? பேந்து வாங்கலாம்தானே,” என்றாள் அடுத்த ஊர்க்காரி. அவளுடைய குரல் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தது.

மெட்ராஸ்காரிக்குக் கோபம் வந்தது. பரிசைக் கொடுத்தவள் நான், உனக்கென்ன என்பதுபோல ஏதோ சொன்னாள். நான் பெட்டியை இறுக அணைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தேன். பரிசை மறுக்கவும் முடியவில்லை, எந்த மேசையில் வைப்பேன் என்று சொல்லவும் முடியவில்லை. நொதேர்ன் லைன் ரயிலில் டூட்டிங் போகும்வரை அது என் மடியில் இருந்தது.

டூட்டிங்கில் இறங்கும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கடைகளின் முன்னால் முருங்கைக்காயும் வாழைப்பொத்தியும் பெட்டிகளில் இருந்தன. நாங்கள் எடுக்க இருந்த வீடு தெருவின் மறுபக்கம். மேல்மாடி ஜன்னலில் விளக்கு இல்லை. நான் அதைப் பார்க்காமல் கடந்தேன். சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே சரியாகக் கேட்காது. பின்னுக்கு ஒரு மேசை பிடித்தோம். குடிக்க ரீ வந்தது. மெட்ராஸ்காரி தன் கோப்பையைத் தூக்கி, நம்ம புது வீட்டுக்கு என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “என்னை விட்டிடு,” என்றேன். “அண்ணை ஓமெண்டிருந்தா நானும் வந்திருப்பன்.”

அவள் கோப்பையை இறக்கவில்லை. “என்னடி சொல்ற? அவர் சரின்னுதானே சொன்னாரு.”

“உன்னை நல்லாப் பேசினவரெண்டுதானே...”

“ஆமா, நல்லா பேசினாரு. அவ்வளவு தன்மையா. ‘தனிய எண்டா விடமாட்டன் பிள்ளை, மூண்டு பேரும் எண்டபடியா எனக்குப் பிரச்சினையில்லை’ன்னாரு. ‘அவ படிக்க வேணும், இஞ்சை ஒரே சத்தம்’னாரு.”

அவள் அண்ணையின் குரலில் அதைச் சொன்னாள். அவளுக்கு எங்கள் தமிழில் பகிடிக்கு ஒன்றிரண்டு சொற்கள் வரும். ஒரு முழு வசனத்தை அவளால் கட்டவே முடியாது. கேட்டதை அப்படியே வைத்திருந்திருக்கிறாள். ‘இஞ்சை ஒரே சத்தம்.’ நான் சமையலறையில் படிப்பதை அவர் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வியாழக்கிழமை அவள் ரயில் நிலையத்துப் போன் பெட்டியிலிருந்து அடுத்த ஊர்க்காரிக்கு எடுத்தாளாம். ‘அண்ணன்கிட்ட பேசிட்டேன், நல்லா பேசினாரு, நீயே அவகிட்ட சொல்லிடு’ என்றாளாம். சில்லறை முடிந்து கட்டாகிவிட்டதாம். சந்தோஷமான செய்திதானே, மறுபடி எடுக்கவில்லையாம்.

நாங்கள் இருவரும் அடுத்த ஊர்க்காரியைப் பார்த்தோம். அவள் தனக்கு வந்திருந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“பேசினார் எண்டு நீதானே சொன்னனீ,” என்றாள் மெட்ராஸ்காரியிடம். “பேசினாரெண்டா எங்களுக்கு என்ன அர்த்தம்?”

மெட்ராஸ்காரி முதலில் சிரித்தாள். தலையில் கைவைத்து, ஐயோ இந்தத் தமிழை வச்சுக்கிட்டு, என்றாள். எங்கள் பழைய பகிடிகளில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் என்று அவள் நினைத்தாள். சரி, தெரிந்துவிட்டதே, இனி எல்லாம் முதல் சொன்னபடிதானே என்றாள். அப்போதுதான் மச்சாளின் கதை அவளுக்குச் சொல்லப்பட்டது.

“மச்சாளின்ரை சாமான் நேற்றே வந்திட்டுது. மாமாவுக்கும் சொல்லியாச்சு. இனி மாத்த ஏலாது.”

மெட்ராஸ்காரியின் சிரிப்பு நின்றது. “நான் எப்படிப் பேசுவேன்னு உனக்குத் தெரியாது? இத்தனை வருஷமா?”

“எனக்கு அப்பிடித்தான் விளங்கினது.”

பிறகு அடுத்த ஊர்க்காரி என் பக்கம் திரும்பினாள். கண்களை என் தோளுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, “நீர் குறை நினைக்காதையும்,” என்றாள்.

ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அவள் என்னை நீ என்றுதான் சொல்லிவந்தாள். காலையில் அவளே சொன்ன விளக்கத்தில் இதற்கு இடமிருந்தது. ஆனால் கோபப்பட வேண்டியவள் நான் அல்லவா? அவளுக்கு என்மேல் என்ன கோபம்? நான் மேசைமேல் இருந்த விளக்குப் பெட்டியை எடுத்துக் காலடியில் வைத்தேன். கொத்துரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து, வேலையில் செய்வதுபோலப் பழுதைத் தேடினேன். ஒரு கருவி ஒலி தராவிட்டால் முதலில் புறப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக இருந்தது: அண்ணை ஓம் என்றார். அடுத்த இணைப்பு: மெட்ராஸ்காரி உள்ளதை உள்ளபடி சொன்னாள். வந்து சேர்ந்த முனையில் நான். எனக்கு வந்தது பிழையாக வந்தது. நடுவில் ஓர் இணைப்புத்தான் இருந்தது.

பொலிடெக்னிக்கில் முதலாவது பருவத்தில் மெட்ராஸ்காரி ஒருநாள் வந்து, விரிவுரையாளர் கூப்பிட்டுப் பேசினார் என்றாள். அடுத்த ஊர்க்காரி அவளைக் கட்டிப்பிடித்து, அழாதே, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று தேற்றினாள். அவர் பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தார் என்று தெரிந்தபோது நாங்கள் கன்டீனில் வயிறு நோகச் சிரித்தோம். அந்த வாரம் முழுக்க யாரைக் கண்டாலும் அந்தக் கதையைச் சொன்னவள் அடுத்த ஊர்க்காரிதான். அந்தச் சொல்லுக்கு மெட்ராஸ்காரியின் வாயில் என்ன பொருள் என்று இந்த லண்டனில் ஒருத்திக்கு நிச்சயமாகத் தெரியுமென்றால், அது அவளுக்குத்தான். மச்சாள் வாசலில் பெட்டியோடு நிற்க, மாமா போன் எடுத்துக்கொண்டிருக்க, அந்தச் சொல் வந்து அவள் மடியில் விழுந்திருக்கிறது. அதை அவள் தேடிப் போகவில்லை. வந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. என்னிடம் நேரே, அறை என் மச்சாளுக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் ஓம் என்றிருப்பேன். அவளுக்கு அது தெரியும். சொல்வதற்குத் துணிவில்லாமல், என் அண்ணையை ஏசுகிறவராக ஆக்கிவிட்டாள்.

மெட்ராஸ்காரி அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போனாள். பால்ஹம் அறையை விடுவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள். அவளுக்கும் வேறு வழியில்லை. சில மாதங்கள் போன் எடுத்தாள். பிறகு கிறிஸ்மஸ் அட்டை வந்தது. பிறகு அதுவும் இல்லை. அடுத்த ஊர்க்காரியைக் கோயிலில் காண்பேன். சுகமாக இருக்கிறீரோ என்று கேட்பாள். இருக்கிறன் என்பேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அண்ணை வேலைக்குப் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. சமையலறையில் ரீ குடித்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் செஸ்நட் பையைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். அண்ணை விளக்குப் பெட்டியைப் பார்த்தார்.

“புது வீட்டுக்கோ?”

“இல்லை அண்ணை. நான் போகேல்லை.”

அவர் கோப்பையை வைத்தார். வியாழக்கிழமையிலிருந்து நான் முகம் கொடுக்காததை மனதுக்குள் புரட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு மெதுவாக, குற்றம் செய்தவர்போலக் கேட்டார்:

“நான் ஏதும் பேசினனானே?”

அன்று முழுக்க வராத அழுகை அந்தக் கேள்விக்கு வந்தது.

“இல்லை அண்ணை,” என்றேன். “நீங்கள் பேசேல்லை. கதைச்சனீங்கள்.”

அவருக்கு அது விளங்கியிருக்காது. விளங்கப்படுத்த நான் முயலவுமில்லை. அவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, மெஷினை இனி இரவில் போடவேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் விளக்கு வாங்கினால் பிளக் வராது. வயரின் நுனி வெறுமையாக இருக்கும், நாமே பூட்டவேண்டும். மேசையின் லாச்சியைத் திறந்தேன், உள்ளே ஒரு பழைய பிளக் இருந்தது. மண்ணிறம் வலது பக்கம், நீலம் இடது பக்கம், பச்சையும் மஞ்சளும் கலந்தது மேலே. வயரை இழுத்துப் பார்த்தேன், கழன்று வரவில்லை. மூடியைப் பூட்டி, சமையலறை மேசையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விளக்கை வைத்தேன். உள்ளறையில் பிள்ளைகள், கொட்டைக்குள் புழு இருக்கிறது என்று இங்கிலிஷில் முறைப்பாடு சொன்னார்கள். மெஷின் கடைசிச் சுற்றுக்கு வந்து மேசை நடுங்கியது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.